வெட்டியதும் விட்டதும்

குமணன்சாவடியில் வானத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இப்போது மெட்ரோ தூண்களுக்கு நடுவில் அண்ணாந்து தேட வேண்டும். பூந்தமல்லியையும் கலங்கரை விளக்கத்தையும் இணைக்கும் நான்காம் வழித்தடம் தலைக்கு மேலே போகிறது. கீழே எப்போதும்போல மாங்காட்டு அம்மனைப் பார்க்கப் போகிறவர்கள் ஷேர் ஆட்டோவுக்காக நிற்கிறார்கள். குன்றத்தூர்ப் பக்கம் திரும்பப் பார்க்கும் லாரி ஒன்று, நேரே போகத் துடிக்கும் பைக்குகளை எல்லாம் மறித்துக்கொண்டு நின்றது. ஹாரன் சத்தத்தில் டீக்கடைக்காரர் கேட்டது எனக்கு விளங்கவில்லை; விரலால் ஒன்று என்று காட்டினேன், டீ வந்துவிட்டது.

மெட்ரோ வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தப் பயணத்துக்கான எண்ணம் வந்தது. கோட்டின் மேற்கு முனையில் பூந்தமல்லி. ராஜீவ் காந்தி கொலை வழக்கை விசாரித்த தனி நீதிமன்றம் அங்கேதான் இருந்தது. வெடிகுண்டு வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றம் அந்த ஊரில்தான் இருக்கிறது. கிழக்கு முனை கலங்கரை விளக்கம். அங்கிருந்து நடந்தால் காமராஜர் சாலையில் தமிழ்நாடு தடயவியல் துறையின் தலைமையகம். சாட்சியத்தைச் சோதிக்கும் இடமும் அதை எடைபோடும் இடமும் ஒரே தண்டவாளத்தின் இரண்டு முனைகளில் அமைந்துவிட்டன. கோட்டை மேற்கே இன்னும் இருபது கிலோமீட்டர் நீட்டினால் ஸ்ரீபெரும்புதூர். தமிழ்நாட்டின் மிகப் பெரிய வழக்கொன்றைத் திருப்பிப்போட்ட புகைப்படங்கள் எடுக்கப்பட்ட இடம். ஒரு படமோ ஒரு குரலோ, நடந்த இடத்திலிருந்து ஆய்வகத்துக்கும் பிறகு நீதிபதியின் மேஜைக்கும் போகும் வழியில் என்னென்ன ஆகலாம் என்று அந்தச் சாலையிலேயே போய்க்கொண்டு யோசிக்க ஆசைப்பட்டேன்.

டீ குடித்த கையோடு பக்கத்தில் இருந்த ஸ்டுடியோவுக்குள் நுழைந்தேன். வாசலில் ‘பாஸ்போர்ட் சைஸ் 5 நிமிடத்தில்’ என்ற பலகை. பாஸ்போர்ட் படத்தால் இப்போது பெரிய வரும்படி இல்லையாம். கடைக்காரர் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். ஒரு கல்யாணப் படம். மாப்பிள்ளைக்குப் பின்னால் வேட்டி சட்டையில் ஒரு பெரியவர்.

“இவரு போய் ஆறு வருஷம் ஆகுது சார். அப்பாவையும் சேத்துக் குடுங்கண்ணேன்னு பையன் கேட்டான். அவரோட ரேஷன் கார்டு போட்டோ ஒண்ணுதான் இருந்துச்சு. முகம் அதுலேர்ந்து, உடம்பு வேற ஒருத்தருது.”

இது பொய் இல்லையா என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “யாருக்கு சார் பொய்? அந்த வீட்டுல எல்லாருக்கும் தெரியும், அப்பா இல்லைன்னு. அதனாலதானே கேக்கறாங்க?”

எனக்கு உறைத்த பதில் அது. படத்தை மாற்றுவது வேறு, படத்தை வைத்து ஏமாற்றுவது வேறு. 2024 ஜனவரியில் டி.ஆர். பாலுவின் சுயசரிதை வெளியீட்டு விழாவில் கலைஞர் கருணாநிதி திரையில் தோன்றிப் பேசினார். அவர் மறைந்தது 2018 ஆகஸ்டில். அரங்கில் இருந்தவர்கள் அனைவருக்கும் அது செயற்கை நுண்ணறிவு செய்த வேலை என்று தெரியும். அந்த விழாவும் குமணன்சாவடிக் கல்யாணப் படமும் ஒரே ஜாதி. அதே உருவம் நாளை யாரும் அறிவிக்காமல் ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குள் நுழைந்தால் அதன் ஜாதி மாறிவிடும், ஒரு பிக்சல்கூட மாறாமலே.

மற்றவர்கள் செய்த ஒட்டுவேலையை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்றேன். “வெளிச்சம் சார். மத்தவங்க மூக்கு நிழல் ஒரு பக்கம் விழும், ஒட்டுன ஆளுக்கு வேற பக்கம் விழும். அப்புறம் காலர் ஓரம், காது ஓரம்.” அமெரிக்காவில் ஹனி ஃபரீத் என்ற பேராசிரியர் தம் மாணவர் ஜான்சனோடு 2005இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். முகத்தின் விளிம்பில் வெளிச்சம் படியும் விதத்தை அளந்து, அது எந்தத் திசையிலிருந்து வந்தது என்று கணக்கிடுவது. ஒரே படத்தில் இருக்கும் இருவருக்கு இரண்டு திசை வந்தால் சந்தேகப்படுவது. நம் ஆள் கண்ணால் சொன்னதைத்தான் அவர் சமன்பாடாக எழுதியிருந்தார். “ஆனா இப்ப போன்லயே ஏஐ வந்துடுச்சு, நிழலையும் அதுவே போட்டுக்குது” என்று கடைக்காரர் சேர்த்துக்கொண்டார். தன் தொழில் போகும் கவலையைவிட, தன் கண் தோற்றுப்போகும் கவலை அவர் குரலில் அதிகமாக இருந்தது.

பேருந்தில் இடம் கிடைத்தது. குமணன் என்ற பெயர் காதில் விழுந்தால் முதிரமலைக் குமணனை நினைக்காமல் இருக்க முடியாது. தம்பி இளங்குமணன் நாட்டைப் பிடித்துக்கொண்டு அண்ணன் தலைக்கு விலை வைக்கிறான். காட்டில் தன்னைத் தேடி வந்த பெருந்தலைச் சாத்தனாருக்குக் கொடுக்க ஒன்றுமில்லாத குமணன், என் தலையை எடுத்துக்கொண்டு போ என்று வாளை நீட்டுகிறான். புலவர் தலையை எடுக்கவில்லை. வாளோடு போய்த் தம்பி முன்னால் நிற்கிறார். பள்ளியில் இதைக் கொடைக்கு எடுத்துக்காட்டாகப் படித்தோம். எனக்கு இப்போது இன்னொன்றும் தெரிகிறது: வெறும் வாய்ச்சொல்லை இளங்குமணன் நம்பியிருக்க வேண்டியதில்லை. வாள் யாருடையது என்பது அவனுக்குத் தெரியும்.

கரையான்சாவடி, பூந்தமல்லி, நசரத்பேட்டை. செம்பரம்பாக்கம் ஏரிக்கரை ஓரத்தில் நீளமாகக் கூடவே வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் கார் ஏற்றிய நீள வண்டிகள் வரிசையில் நின்றன. ஸ்ரீபெரும்புதூரில் இறங்கியவர்களில் பாதிப் பேர் ஷிஃப்ட்டுக்குப் போகும் பிள்ளைகள். கழுத்தில் அடையாள அட்டை. ராமானுஜர் பிறந்த ஊர் என்று ஆதிகேசவப் பெருமாளைச் சேவிக்க வந்த ஒரு குடும்பமும் இருந்தது. நான் ராஜீவ் காந்தி நினைவிடத்துப் பக்கம் திரும்பினேன்.

1991 மே 21 இரவு பத்தேகால் மணிக்கு மேல், தேர்தல் கூட்ட மைதானம். ஹரிபாபு என்ற இளம் புகைப்படக்காரரிடம் ஒரு சினான் கேமரா இருந்தது. கொலைக் குழுவே படமெடுக்க அழைத்து வந்த ஆள் அவர் என்பது புலனாய்வின் முடிவு. குண்டு வெடித்ததில் அவரும் செத்தார், கேமரா பிழைத்தது. பிலிமைக் கழுவியபோது பத்துப் படங்கள் கிடைத்தன. ஒன்றில் சந்தன மாலையோடு, மனித வெடிகுண்டாக வந்த தணு. அவள் அருகில் லதா கண்ணனும், ராஜீவுக்குக் கவிதை வாசித்துக் காட்டக் காத்திருந்த அவர் மகள் கோகிலாவும். ஓரத்தில் வெள்ளைக் குர்தா பைஜாமாவில், குறிப்பேடும் கையுமாக, நிருபர் வேடத்தில் கொலைக் குழுவின் தலைவன் சிவராசன். கடைசிப் படத்தில் வெறும் தீப்பிழம்பு. கொன்றவர் யார், யார் ஏவினார்கள் என்று ஒன்றும் பிடிபடாமல் தொடங்கிய விசாரணைக்கு முகங்களைக் கொடுத்தது அந்தப் பிலிம் சுருள்தான். அந்த மைதானத்தில் இப்போது ஏழு தூண்கள் நிற்கின்றன. வெயில் ஏறியிருந்தது, தூண்களின் நிழல் எல்லாம் ஒரே பக்கம் விழுந்திருந்தது. ஸ்டுடியோக்காரர் சொன்ன பிறகு நிழலைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பிலிம் சுருளுக்கு ஒரு குணம் உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் ஓரத்தில் எண் இருக்கும். ஏழாம் படத்துக்கும் எட்டாம் படத்துக்கும் நடுவில் இன்னொன்றைச் செருக முடியாது. நடுவில் ஒன்றை எடுத்துவிட்டால் வெட்டிய இடம் பல்லைக் காட்டும். பிரிண்டில் ஆயிரம் வித்தை செய்யலாம், ‘நெகட்டிவைக் கொண்டு வாருங்கள்’ என்று கேட்டால் வித்தை முடிந்தது. எந்தப் படம் முதலில், எந்தப் படம் பிறகு என்ற வரிசையும் அதிலேயே இருந்தது. டிஜிட்டல் படத்துக்கு அப்படி ஒரு தாய் கிடையாது. எந்தப் பிரதியும் இன்னொரு பிரதிதான். எடுத்த தேதியும் நேரமும் கோப்பின் உள்ளே எழுதப்பட்டிருக்கும், ஆனால் அதை மாற்றிவிட பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும்.

ஆனாலும் கோப்புக்கு வேறு சுவடுகள் உண்டு. அதைச் சொல்ல ஸ்ரீபெரும்புதூரைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 2006இல் நோக்கியா இங்கே செல்போன் செய்யத் தொடங்கியது. 2014 நவம்பரில் மூடிவிட்டுப் போனது. இப்போது ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐஃபோன்கள் பூட்டப்படுகின்றன. ஹரிபாபுவின் ஒரே ஒரு கேமரா சாட்சி சொன்ன ஊர், உலகத்துக்குக் கேமரா ஏற்றுமதி செய்யும் ஊராகிவிட்டது. பக்கத்துப் பக்கத்தில் வரிசையில் வரும் இரண்டு போன்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் சென்சார்களில் கோடிக்கணக்கான நுண்புள்ளிகள் இருக்கின்றன. அத்தனையும் ஒரே அளவு வெளிச்சத்துக்கு ஒரே அளவு எதிர்வினை காட்டுவதில்லை. சிலிக்கானில் இயல்பாக இருக்கும் ஏற்றத்தாழ்வால் சில புள்ளிகள் மயிரிழை அதிகம் காட்டும், சில குறைவாகக் காட்டும். இந்த ஏற்றத்தாழ்வின் கோலம், கைரேகையைப் போல, ஒரு போனில் இருப்பது இன்னொன்றில் இருப்பதில்லை. அந்தப் போன் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும். அமெரிக்காவின் பிங்காம்டன் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஃப்ரிட்ரிச்சும் சகாக்களும் 2006இல் இதைப் பிரித்தெடுக்கும் வழியை விரிவாக எழுதினார்கள். படம் இந்தப் போனில்தான் எடுக்கப்பட்டதா என்று சொல்லலாம். அதோடு, படத்தின் ஒரு பகுதியில் மட்டும் கோலம் அறுந்திருந்தால் அங்கே வேறு எங்கிருந்தோ ஒட்டியிருக்கிறார்கள் என்றும் சொல்லலாம்.

இன்னொரு சுவடு ஜேபெக் முறையில் இருக்கிறது. படத்தைச் சுருக்கும்போது அது எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தோராயப்படுத்தும். ஒரு முறை சேமித்த படத்தைத் திறந்து, திருத்தி, மறுபடி சேமித்தால் தோராயத்தின் மேல் தோராயம் ஏறும். திருத்திய பகுதிக்கும் திருத்தாத பகுதிக்கும் அந்த ஏற்றம் வேறு வேறாக இருக்கும். எண்களைப் பரப்பிவைத்துப் பார்த்தால் தெரியும். இதற்கெல்லாம் எமன் வாட்ஸ்அப். சாதாரணமாக அனுப்பும் ஒவ்வொரு படத்தையும் அளவு குறைத்து, மறுபடி சுருக்கி, உள்ளே இருந்த எடுத்த விவரங்களையும் உதிர்த்துவிட்டுத்தான் அடுத்தவர் கையில் கொடுக்கும். பத்துக் கை மாறி வந்த படத்தை வைத்துக்கொண்டு ‘இது உண்மையா?’ என்று கேட்டால் நிபுணர் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி: எடுத்த போன் எங்கே?

இவ்வளவையும் வியந்து முடித்த பிறகு, மனத்தை உறுத்தியது சிவராசன் நின்ற அந்த ஓரம். அந்தப் படத்தை யாராவது கொஞ்சம் நெருக்கி வெட்டியிருந்தால் குர்தா மனிதர் போயிருப்பார். மிச்சப் படம் முழுக்க உண்மையாகவே இருந்திருக்கும். ஒட்டு இல்லை, திருத்தம் இல்லை, நிழல் சரி, சதுரங்கள் சரி. நெகட்டிவ் இருந்ததால் அந்தப் பயம் இல்லாமல் போனது. ஆனால் அந்த இரவின் வீடியோ ஒன்று உளவுத்துறையின் கைக்குப் போய், புலனாய்வுக் குழுவுக்கு வந்து சேரவே இல்லை என்று வழக்கின் தலைமைப் புலனாய்வு அதிகாரி கே. ரகோத்தமன் பிற்பாடு தம் புத்தகத்தில் குற்றம் சாட்டினார். கைக்கு வந்த படத்தை ஆராய ஆயிரம் வழி. வராததை?

திரும்பி வரும் பேருந்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா, வந்து குவிந்திருந்த வாய்ஸ் மெசேஜ்களை ஒவ்வொன்றாக ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டு வந்தார். நடுவில் ஒன்று, ஏதோ மருத்துவர் பேசுவதாக, பலர் கை மாறி வந்தது. “டாக்டரே சொல்றார் பாருப்பா” என்று என்னிடமும் ஒரு வார்த்தை சொன்னார். எந்த டாக்டர் என்று கேட்க வாய் வந்தது. மகன் வயதுக்காரன் குறுக்குக் கேள்வி கேட்டால் நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டேன். குரலுக்கு முகத்தைவிடச் சீக்கிரம் நாம் மசிந்துவிடுகிறோம்.

போரூரில் மாறி, வடபழநி, ஆழ்வார்பேட்டை என்று ஊர்ந்து கடற்கரைக்கு வந்தபோது காற்று மாறியிருந்தது. தடயவியல் துறையின் வேர் 1849இல் சென்னை மாகாணத்தில் தொடங்கிய ரசாயனப் பரிசோதகர் அலுவலகத்தில் இருக்கிறது. அப்போது அவர்கள் முக்கியமாகத் தேடியது விஷம்: அரளியா, பாஷாணமா, எருக்கா. வாசல் வரைதான் நமக்கு வேலை. எதிரே சாலையைத் தாண்டிப் போய், மணலில் சுண்டல் பொட்டலத்தோடு உட்கார்ந்துவிட்டேன்.

ஒலியை ஆராயும் கலை ஊரறிய அரங்கேறியது அமெரிக்க அதிபர் நிக்சனின் தயவில். 1972 ஜூன் 20 அன்று வெள்ளை மாளிகையில் பதிவான ஒலிநாடா ஒன்றில் பதினெட்டரை நிமிடம் வெறும் இரைச்சல். அதில் ஒரு பகுதியைத் தவறுதலாகத் தாமே அழித்திருக்கலாம் என்றார் அவருடைய செயலர். நீதிமன்றத்துக்காக ஆறு நிபுணர்கள் அந்த நாடாவை ஆராய்ந்தார்கள். ஒலிப்பதிவுக் கருவியின் அழிக்கும் முனை ஒவ்வொரு முறை தொடங்கி நிற்கும்போதும் நாடாவின் காந்தப் பூச்சில் ஒரு தடம் விடும். அந்தத் தடங்களை எண்ணிப் பார்த்து, குறைந்தது ஐந்து முறை, ஒருவேளை ஒன்பது முறை, தனித்தனியாக அழித்திருக்கிறார்கள் என்று 1974இல் சொன்னார்கள். அழித்தது ஊஹெர் 5000 என்ற கருவிதான் என்றும் அடையாளம் காட்டினார்கள். ஆனால் அந்தப் பதினெட்டரை நிமிடத்தில் யார் என்ன பேசினார்கள் என்பது இன்றுவரை யாருக்கும் கேட்கவில்லை.

டிஜிட்டல் ஒலிக்குக் காந்தத் தடம் இல்லை. வேறு ஒன்றைப் பிடித்தார்கள், எனக்கு மிகவும் பிடித்த உபாயம் அது. வீட்டில் ஓடும் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. சுவர்க் கம்பி, டியூப்லைட், ஃபிரிட்ஜ் எல்லாம் அந்தத் தாளத்தில் மெல்ல முனகுகின்றன. பக்கத்தில் ஒலிப்பதிவு நடந்தால் அந்த முனகலும் அடியில் பதிந்துவிடும். 50 என்பது எப்போதும் 50 அல்ல. ஊரெல்லாம் மோட்டார் போட்டால் 49.9 என்று இறங்கும், சுமை குறைந்தால் சற்று ஏறும். இந்த ஏற்ற இறக்கம் அந்தந்த நொடிக்கு உரியது. திரும்ப அதே வரிசையில் வருவதில்லை. ருமேனியாவின் கேட்டலின் கிரிகோராஸ் இதைத் தடயமாக்கினார். லண்டன் போலீஸ் 2005 முதல் தங்கள் நாட்டு மின்தொகுப்பின் அதிர்வெண்ணை இரவு பகலாகப் பதிந்து வைத்துவருகிறது. சந்தேகப்படும் பதிவில் உள்ள முனகலை அந்த ஏட்டோடு பொருத்தினால் எப்போது பதிவானது என்று தெரியும். நடுவில் ஒரு வாக்கியத்தை வெட்டியிருந்தால் முனகல் அங்கே தாவும்.

நம் ஊருக்கு இதில் ஒரு சுவாரசியம் உண்டு. தென்மாநிலங்களின் மின்தொகுப்பு நெடுங்காலம் தனியாக ஓடியது. 2012 ஜூலையில் வட இந்தியா முழுதும் இருண்டபோது நம் பக்கம் விளக்கு எரிந்தது அதனால்தான். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் உயரழுத்தக் கம்பி வழியாகத் தெற்கும் வடக்கும் ஒரே தாளத்துக்கு வந்தன. ஆக, அதற்கு முந்தைய ஒரு பதிவின் முனகல், அது தெற்கில் எடுத்ததா வடக்கில் எடுத்ததா என்பதைக்கூடக் காட்டிக்கொடுக்கக்கூடியது. அதற்குப் பிறகு குமணன்சாவடி டியூப்லைட்டும் குவாலியர் டியூப்லைட்டும் ஒரே சுருதி. உபாயத்துக்கு ஓட்டைகளும் உண்டு: திறந்த வெளியில் பேட்டரியில் ஓடும் போனுக்கு முனகல் எட்டாது, பல போன்கள் பேச்சுக்கு வேண்டாத அடித்தொனியை வடிகட்டி எறிந்துவிடும். அப்போது பின்னணிக் காற்று, அறையின் எதிரொலி, மூச்சு விடும் இடம் என்று வேறு எதையாவது பிடித்துத் தொங்க வேண்டும்.

2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுக்கே இந்தப் பாடம் நடந்தது. அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பேசியதாக இரண்டு ஒலித்துண்டுகள் வெளிவந்தன. இரண்டாவதை வெளியிட்டவர் பாஜக மாநிலத் தலைவராக இருந்த அண்ணாமலை. இரண்டும் புனையப்பட்டவை என்றார் அமைச்சர். டீக்கடை வரைக்கும் எல்லோரும் ஒலி நிபுணர் ஆனோம். அவரவர் கட்சிக்கு ஏற்ப அவரவர் காது. அந்த ஜூலையில் ‘ரெஸ்ட் ஆஃப் வேர்ல்ட்’ இதழ் துண்டுகளை வெளி நிபுணர்களிடம் கொடுத்து முடிவை வெளியிட்டது: முதல் துண்டின் தரம் மோசம், ஒன்றும் உறுதியாகச் சொல்வதற்கில்லை, இரண்டாவது உண்மையான பதிவு என்பது அவர்கள் கருத்து. எனக்கு அந்த முதல் விடைதான் முக்கியமாகப் பட்டது. ‘சொல்ல முடியாது’ என்று ஒரு நிபுணர் சொல்வதைக் கேட்க நமக்குப் பொறுமை இருப்பதில்லை. தொலைக்காட்சியில் அந்தப் பதிலுக்கு நாற்காலியே போடுவதில்லை.

குரலைச் செய்யும் இயந்திரங்களும் குரலைப் பிடிக்கும் இயந்திரங்களும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருக்கின்றன. 2015 முதல் ஆராய்ச்சியாளர்கள் இதற்கென்றே தொடர் போட்டி நடத்துகிறார்கள். பழகிய போலிகளைப் பிடிக்கும் நிரல், புதுப் போலியிடம் தடுமாறுவது ஒவ்வொரு முறையும் தெரிகிறது. இதற்குள் இன்னொரு வாசலும் திறந்துவிட்டது. போலி செய்வது எளிது என்று ஊருக்கே தெரிந்துவிட்டதால், உண்மையாகவே மாட்டிக்கொண்டவரும் ‘அது ஏஐ’ என்று ஒரு வார்த்தையில் நழுவப் பார்க்கலாம். செஸ்னி, சிட்ரான் என்ற இரு அமெரிக்கச் சட்டப் பேராசிரியர்கள் இதைப் பொய்யருக்குக் கிடைக்கும் லாபப்பங்கு என்று முன்கூட்டியே எச்சரித்தார்கள்.

சுண்டல் தீர்ந்தது. மறுபடி மேற்கே பேருந்து. பூந்தமல்லிக்கு வந்து சேர்ந்தபோது பிற்பகல் சாய்ந்திருந்தது.

பூந்தமல்லியின் ராஜீவ் கொலை வழக்கு பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் நடந்தது. 288 சாட்சிகள், 1,477 ஆவணங்கள். 1998 ஜனவரி 28 அன்று நீதிபதி வி. நவநீதம் 26 பேருக்கும் தூக்கு என்று தீர்ப்பளித்தார். 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரை விடுவித்து, நால்வரின் தூக்கை உறுதி செய்து, மூவருக்கு ஆயுளாகக் குறைத்தது. வழக்கின் முதுகெலும்பு, தடா சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி காவல் கண்காணிப்பாளர் பதிவு செய்த ஒப்புதல் வாக்குமூலங்கள். அந்தப் பிரிவைப் படித்தால் ஒன்று கண்ணில் படும். வாக்குமூலத்தை எழுத்திலோ, கேசட், டேப் போன்ற கருவியிலோ பதியலாம் என்று அது இரண்டு வழியையும் திறந்து வைத்திருந்தது. இவர்கள் எழுத்து வழியில் போனார்கள்.

தூக்கு உறுதியான நால்வரில் ஒருவரான பேரறிவாளனின் வாக்குமூலத்தை எழுதியவர் சிபிஐ அதிகாரி வி. தியாகராஜன். 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்ததாக அதில் இருந்தது. அது எதற்காக என்று தமக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்ன பகுதியைத் தாம் எழுதாமல் விட்டதாக 2013இல் தியாகராஜனே பொதுவில் சொன்னார். 2017இல் உச்ச நீதிமன்றத்திலும் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து ஒருவர் வாய் திறந்ததால் தெரிந்த வெட்டு இது. அந்தக் காகிதத்தை எந்த ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தாலும் மை சரி, கையெழுத்து சரி, கையொப்பம் சரி என்றுதான் அறிக்கை வந்திருக்கும். பேரறிவாளன் 2022 மே 18 அன்று விடுதலையானார். உச்ச நீதிமன்றம் அதற்குச் சொன்ன முக்கியக் காரணம் இந்த வாக்குமூலம் அல்ல, விடுதலைப் பரிந்துரையை ஆளுநர் காலவரையின்றிக் கிடப்பில் போட்டது.

நீதிமன்றத்துக்கு வெளியே டீக்கடையில் கறுப்பு கோட்டைக் கழற்றிக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டிருந்த நடுவயது வழக்கறிஞர் ஒருவரோடு பேச்சு வாய்த்தது. டிஜிட்டல் சாட்சியம் பற்றிக் கேட்டதும் உற்சாகமானார். கேரளத்து ஏரநாடு தொகுதித் தேர்தல் வழக்கில் அன்வர் கொடுத்த சிடிக்களை, மின்னணுப் பதிவுக்குச் சட்டம் கேட்ட 65பி சான்றிதழ் இல்லை என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தள்ளிய கதையில் தொடங்கி, 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு வரைக்கும் ஒரே மூச்சில் வந்தார். இப்போது சான்றிதழோடு ஹேஷ் மதிப்பையும் எழுதித் தர வேண்டும். ஹேஷ் என்பது கோப்பு முழுவதையும் ஒரு கணக்கில் போட்டு எடுக்கும் நீண்ட எண். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் எண் அடியோடு வேறாகிவிடும். கைப்பற்றிய அன்று வந்த எண்ணும் நீதிமன்றத்தில் வந்த எண்ணும் ஒன்றாக இருந்தால், நடுவில் யாரும் கை வைக்கவில்லை.

“கைப்பத்துறதுக்கு முன்னாடி கை வெச்சிருந்தா?” என்று கேட்டேன்.

“அதுக்குத்தான் சார் லேப். எடிட் பண்ண வீடியோ வந்தா எனக்குச் சண்டை போடத் தெரியும். கிராஸ்ல கிழிச்சிடலாம். ‘ரெக்கார்டு ஆகலை’ன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டாங்கன்னா? அதை எந்த லேபுக்கு அனுப்புறது?” டீ கிளாஸை வைத்துவிட்டு அவரே சொன்னார்: “சாத்தான்குளம்.”

அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. 2020 ஜூன் 19, ஊரடங்கு நேரம். செல்போன் கடை வைத்திருந்த ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். 22ஆம் தேதி மகனும் 23ஆம் தேதி தகப்பனும் இறந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவில் விசாரிக்கப் போன கோவில்பட்டி நீதித்துறை நடுவர் பாரதிதாசன், நிலையத்தின் சிசிடிவியைப் பார்த்தார். வன்தட்டில் ஒரு டெராபைட் இடம் இருந்தது. ஆனால் பதிவுகள் அன்றன்றே தானாக அழிந்துபோகும்படி அமைத்து வைக்கப்பட்டிருந்தது. 19ஆம் தேதி இரவு என்ற ஒன்றே அதில் இல்லை. உண்மையா போலியா என்று சோதிக்க ஒரு பிரேம்கூட இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு சேர்த்துப் பதியும் கேமரா வேண்டும், பதிவை ஒன்றரை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

சாத்தான்குளத்தில் அந்த இரவைப் பார்த்த ஒருவர் இருந்தார், தலைமைக் காவலர் ரேவதி. நடந்ததை நடுவரிடம் சொன்னார். வெளியே சக காவலர்கள் மிரட்டும் தொனியில் நின்றுகொண்டிருந்ததால் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட முதலில் தயங்கினார் என்று நடுவரின் அறிக்கை சொல்கிறது. பிறகு போட்டார்.